கடைசி பெஞ்சுக்குக் கேட்காத யுகுலேலே

ஒண்டிக்கடை மேடு,
ஏற்காடு.
2-12-1982

அன்புள்ள மாப்பிள்ளை கிறிஸ்துதாஸுக்கு,

உன் மச்சான் தேவசிகாமணி எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அக்கா லூர்துசெல்வியும் இங்கு நலம். நலம் என்று எழுதும்போது என் இடது முழங்காலையும் உன் அக்காவின் பொறுமையையும் அதில் சேர்க்கவில்லை. உன் கப்பல் இப்போது எந்தக் கடலில் இருக்கிறது என்று தெரியாததால் இதைச் சென்னைத் துறைமுக விலாசத்துக்கே அனுப்புகிறேன். நீ எங்கே இருந்தாலும் அங்கே காற்று சாதகமாக வீச வேண்டும் என்று உன் அக்கா தினமும் ஜெபமாலை சொல்கிறாள். உன் கப்பல் இன்ஜினில் ஓடுவது, காற்றில் ஓடுவதல்ல என்று சொல்லிப் பார்த்தேன். "காத்து அடிச்சா இன்ஜினுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமில்லீங்க" என்றாள்.

நிற்க. போன ஈஸ்டருக்கு நீ வந்தபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன யுகுலேலே என்ற வாத்தியம் சம்பந்தமாகவே இந்தக் கடிதம். ஹவாய்த் தீவில் ஹோனலூலு துறைமுகத்தில் வாங்கியது என்றாய். நான்கு நரம்பு, நடுவில் ஒரு துளை, மடியில் வைத்தால் மூன்று மாதக் குழந்தை போல் அடக்கமாக உட்காரும் சுபாவம். பரிசைக் குறை சொல்வது பண்பல்ல என்பது எனக்குத் தெரியும். ஆகையால் குறை சொல்லவில்லை. ஒரு விவரம் மட்டும் கேட்கிறேன். அதன் சத்தத்தைத் தனியாக அனுப்புவார்களா?

நான் எதற்காக இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று நீ நினைக்கலாம். காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் தலைமை ரைட்டராக இருந்தவரை எனக்குச் சத்தப் பஞ்சம் இருந்ததில்லை. காலையில் நின்ற இடத்திலிருந்து பெயர் கூப்பிட்டால், பனிமூட்டத்தில் முகம் தெரியாத சரிவிலிருந்தும் "வந்துட்டனுங்க" என்று பதில் வரும். ஒருநாள் முனியப்பன் என்று கூப்பிட்டதற்குப் பக்கத்து எஸ்டேட்டு முனியப்பனும் பதில் சொல்லி, வேலைக்கும் வந்து நின்றுவிட்டான். அப்படிப்பட்ட நான் ஓய்வு பெற்ற மறுவாரம் ஒண்டிக்கடை முக்கில் நின்று, சேலம் பஸ் போய்விட்டதா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவரும் திரும்பவில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பஸ் மட்டும் போனது. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். வாசலில் ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதியானதும் ஜன்னலுக்கு வருகிறேன். ஜன்னலில் பனிமூட்டம் நிற்கிறது. அது விலகினால் ஏதாவது தெரியும் என்று காத்திருக்கிறேன். விலகியதும் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிகிறது. "ஏனுங்க, ஊட்டுக்குள்ள இப்படி நடந்துட்டே இருந்தா தரை தேஞ்சு போயிருமுங்க. வாடகை ஊடு" என்கிறாள் உன் அக்கா. உட்கார்ந்தால் தரைக்கு நல்லது என்றுதான் யுகுலேலேயைக் கையில் எடுத்தேன்.

நீ விட்டுப் போன சின்னப் புத்தகத்தைப் பார்த்து, விரல் வைக்கும் இடங்களைப் படித்து, மழைக்காலம் முழுவதும் சாயங்காலங்களில் பழகினேன். ஆடி மாதம் தொடங்கிய மழைக்குப் பிறகு சத்தம் குறைந்தது போல் எனக்கு ஒரு சந்தேகம். ஈஸ்டரன்று நீ வாசித்தபோது வாசலில் போனவர்கள் நின்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. அது உன் கைராசி என்று விட்டுவிட்டேன். ஈரம் தாக்கியிருக்குமோ என்று நீ கேட்பாய். அதற்கு வழியே இல்லை. இந்த மலையில் மழைக்காலத்தில் ஷூவுக்குப் பூஞ்சை முளைக்கும், ஜெபப் புத்தகத்துக்கு மீசை முளைக்கும். ஆனால் உன் அக்காவின் ஆட்சியில் எதுவும் முளைக்காது. அவளுடைய வைத்தியம் உனக்குத் தெரிந்ததுதான். பழைய கம்பளி சாக்ஸில் மிளகும் அடுப்புக்கரியும் போட்டு இறுக்க முடிந்து, உள்ளே குழிவாக உள்ள எல்லாவற்றிலும் வைத்துவிடுவாள். என் ஷூவில் ஒன்று, தொப்பியில் ஒன்று, டிரங்குப் பெட்டியில் ஒன்று, பிளாஸ்க்கில் ஒன்று. பிளாஸ்க்கிலிருந்து எடுக்க மறந்ததால் போன மாதம் வந்த விருந்தாளி ஒருவர் மிளகுக் காப்பியைக் குடித்துவிட்டு, எந்த எஸ்டேட்டுக் கொட்டை என்று மரியாதையாக விசாரித்தார். ஒரு பொருளுக்குள் காலியிடம் இருப்பது அவளுக்கு ஒழுக்கக்கேடாகத் தெரிகிறது. உன் யுகுலேலேயையும் மழை பிடித்த அன்றே அவள் தன் பொறுப்பில் எடுத்துப் பத்திரம் செய்துவிட்டுத்தான் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். ஆகவே ஈரத்தின் மேல் பழி போட வேண்டாம். மற்றபடி, அந்த வாத்தியத்துக்கு மிளகு வாசனை அடிக்கிறது. ஹவாய்த் தீவில் மரங்கள் அப்படித்தான் போலும். வாசித்து முடித்தால் எனக்குத் தும்மலும் வருகிறது. ஒவ்வொரு நாட்டு மரமும் ஒவ்வொருவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே.

வீட்டுக்குள் பழகியவரை சத்தம் எனக்குப் போதுமானதாகவே இருந்தது. சங்கடம் கோவிலில் ஆரம்பித்தது. நம் பங்குக் கோவிலின் பாடகர் குழுவை நடத்துவது ஆரோக்கியசெல்வி டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஆர்மோனியமும் அவர்தான். அந்த ஆர்மோனியத்தை அவர் துருத்தியை அமுக்கி வாசிக்கும்போது மெழுகுவத்திச் சுடர்கள் சாய்ந்துகொள்ளும். ஐப்பசி மாதம் ஒரு பயிற்சிக்கு நான் யுகுலேலேயுடன் போய் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பாட்டு முழுவதும் விடாமல் வாசித்தேன். பாட்டு முடிந்தது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க எப்பங்க ஆரம்பிக்கப் போறீங்க?"

"முடிச்சுட்டனுங்க டீச்சர்."

அவர் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த தெரசம்மாளைப் பார்த்தார். தெரசம்மாள் என் மடியைப் பார்த்து, "நான் ஐயா ஏதோ குளுருக்கு வயித்துல தேச்சுக்கறாருன்னு நெனச்சனுங்க" என்றார்.

பிறகு டீச்சர் விஷயத்துக்கு வந்தார். கிறிஸ்மஸ் பாட்டுக் குழு இந்த வருஷம் ஜீப்பில் கரடியூருக்கும் செம்மநத்தத்துக்கும் போகிறது. வழியில் நம் எஸ்டேட்டுக் குடியிருப்பிலும் நிறுத்தி இரண்டு பாட்டு. நான் ரைட்டராக இருந்த அதே எஸ்டேட்டு, மாப்பிள்ளை. அங்கே வாத்தியத்தோடு போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. "ஜீப்பில எடம் கம்மிங்க சார். கேக்கற வாத்தியம்னா ஏத்திக்கலாம். கேக்காத வாத்தியத்துக்கு எதுக்குங்க சீட்டு?" என்றார் டீச்சர். கணக்கு டீச்சரின் நியாயம். கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பீடத்துக்கு அருகில் நின்று வாசிப்பது, அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பது, அங்கே கேட்டால் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. "கேக்கலைன்னாலும் நீங்க வருத்தப்படாதீங்க. போன வருசம் வெளக்குத் தூக்கின மரியஜோசப்புக்குத் தோளு வலி. பெட்ரோமாக்ஸ் தூக்க ஆள் இல்லை. நீங்க நல்ல உசரமுங்க."

நாற்பது வருஷ உத்தியோகத்தில் என் உயரத்தை ஒரு தகுதியாக யாரும் குறிப்பிட்டதில்லை. பெட்ரோமாக்ஸ் தூக்குவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாட்டுக் குழு வந்து நிற்கும்போது பார். பாடுகிறவர் முகத்தில் வெளிச்சம், ஆர்மோனியத்தின் மேல் வெளிச்சம், சும்மா வந்து நிற்கிற நாயின் மேல்கூட வெளிச்சம். விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவன் முகம் மட்டும் யாருக்கும் தெரியாது. என் பழைய ஆட்கள் முன்னால் அப்படி ஒரு இருட்டில் நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே சத்தத்தைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் சையத் இப்ராஹிம் கடைக்குப் போனேன். ஒண்டிக்கடையில் ஆணி முதல் அலுமினியக் குண்டான் வரை வைத்திருப்பவர். தடித்த நரம்பு போட்டால் சத்தம் கூடும் என்பது என் ஊகம். இந்த ஊரில் யுகுலேலே நரம்பு கிடைக்காது; ஏரியில் மீன் பிடிக்கிறவர்களுக்கான தூண்டில் நரம்பு கிடைக்கும்.

"இருக்கறதுலயே தடியான தூண்டில் நரம்பு குடுங்க பாய்."

"மீனு எத்தனை கிலோங்க ரைட்டரய்யா?"

"மீனுக்கு இல்லீங்க. பாட்டுக்கு."

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும். "பாட்டு எத்தனை கிலோங்க?"

எங்கள் எஸ்டேட்டு நாயைக் கட்டிப் போடும் கனத்தில் ஒரு நரம்பை அளந்து கொடுத்தார். அதை மாட்டி முறுக்கினேன். முறுக்க முறுக்க யுகுலேலேயின் கழுத்து முன்னால் குனிந்து, தன் வயிற்றைத் தானே பார்க்க முயன்றது. இன்னும் ஒரு திருப்பு திருப்பியபோது முறுக்காணி கையோடு வந்துவிட்டது. நரம்பு விடுபட்டுப் பறந்து, அடுப்படி வாசலில் உன் அக்கா ஆற வைத்திருந்த ரசத்தில் விழுந்தது. "ரசத்துல தூண்டில் போட்டா புளிதானுங்க மாட்டும்" என்றாள். பிறகு கொஞ்சம் மெல்லிய நரம்பாக வாங்கி மாட்டினேன். ஆணியைக் கருப்பண்ணன் ஆசாரி சரிசெய்து கொடுத்தார். அவரிடமும் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்குதுங்க. உருப்படியான சாமான்" என்றார். கனத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் கருத்துச் சொல்லவில்லை.

புது நரம்பிலும் சத்தம் பழையபடிதான். யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. நகம் வளர்த்தால் மீட்டும்போது எடுப்பாகக் கேட்கும் என்று புத்தகம் சொன்னது. வலது கைப் பெருவிரல் நகத்தை வளர்த்தேன். சத்தம் வளரவில்லை. பிறகு மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனலைத் துளையில் பொருத்திப் பார்த்தேன், கிராமபோனுக்கு உள்ளது போல. புனலின் மூக்கு உள்ளே போகவில்லை. ஏதோ மெத்தென்று தடுத்தது. ஹோனலூலுவில் உள்ளே பஞ்சு வைத்துத் தைப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, அவர்கள் தொழிலில் நாம் தலையிடக் கூடாது என்று புனலை எடுத்துவிட்டேன். மண்ணெண்ணெய் வாசனை மட்டும் மிச்சம். இப்போது மிளகும் மண்ணெண்ணெயும் சேர்ந்து அடிக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஒருநாள் ஜன்னலுக்கும் வாசலுக்கும் இடையே நடந்தபடி வாசித்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது யுகுலேலேயின் தலை எங்கள் தேக்கு பீரோவில் இடித்தது. பீரோ பாடியது! சத்தியமாகச் சொல்கிறேன். வாத்தியத்தின் தலையைப் பலகையில் அழுத்தி வைத்து மீட்டினால், பலகை முழுவதும் அதிர்ந்து அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கித் தருகிறது. கதவில் வைத்தேன், கதவு பாடியது. சாப்பாட்டு மேஜையில் வைத்தேன், தட்டுகள் தாளம் போட்டன. உன் அக்கா வந்து பார்த்துவிட்டு, "கட்டிலை மட்டும் உட்டுருங்க. அதுல நான் படுக்கோணும்" என்றாள். பீரோவைக் கோவிலுக்குத் தூக்கிப் போக முடியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் கோவிலில் மரச்சாமான் இல்லையா?

அடுத்த சனிக்கிழமை மாலை பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னதாகவே போனேன். பாவசங்கீர்த்தனம் செய்கிற கூண்டு பழங்காலத்து வேலைப்பாடு, அகலமான பலகை. வாத்தியத்தின் தலையை அதில் அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு கிறிஸ்மஸ் பாட்டை எடுத்தேன். மாப்பிள்ளை, கூண்டு எங்கள் பீரோவைப் போல் பத்து மடங்கு பாடியது. என் சந்தோஷத்தில் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கத் தவறிவிட்டேன். ஒரு பக்கம் பங்குச் சாமியார், மறுபக்கம் தெரசம்மாள். தெரசம்மாள் பாதிப் பாவத்தைச் சொல்லியிருந்தபோது நாலாபுறமும் பலகைகள் பாட ஆரம்பித்திருக்கின்றன. அவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது. மன்னிப்பு முன்கூட்டியே கிடைத்துவிட்டது என்று முடிவுசெய்து, மீதிப் பாவத்தைச் சொல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டார். சாமியார் வெளியே வந்து என்னையும் வாத்தியத்தையும் பார்த்தார். "அந்தம்மா அந்த மீதியச் சொல்றதுக்கு மூணு வருசமா நாள் பாத்துட்டு இருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். அதோடு கோவில் மரச்சாமான்கள் எனக்கு விலக்கப்பட்டன.

தேர்வு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு உபாயம். வயிற்றில் அணைத்துப் பிடித்தால் வாத்தியத்தின் முதுகு அதிர முடியாமல் சத்தம் மட்டுப்படும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நானோ பனியன், சட்டை, கம்பளி ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை. மெத்தைக் கடையில் வாத்தியத்தைச் சாய்த்து வைத்தது போல்தான் வாசித்திருக்கிறேன். ஆகவே அன்று ஸ்வெட்டரும் சால்வையும் இல்லாமல் வெறும் சட்டையோடு போனேன். கார்த்திகை மாதத்து ஏற்காட்டில், மாப்பிள்ளை. போதாததற்குக் காலிலும் ஒரு குறை. என் சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ் ஜோடியில் இடது காலுடையது மழைக்காலம் முதலே காணவில்லை. வீடு முழுவதும் தேடியாகிவிட்டது. ஒரு காலில் கம்பளி, ஒரு காலில் நூல் என்று போய்ப் பீடத்தருகே நின்றேன்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. டீச்சர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். உன் அக்கா நடுவில் ஒரு தூணோரம். திறந்திருந்த வாசல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து டீச்சருக்குப் பக்கத்தில் அமர்ந்தது. வாத்தியத்தை உடம்பில் படாமல், குளிப்பாட்டிய பூனையைப் பிடிப்பது போல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நகத்தால் ஓங்கி மீட்டினேன். முதல் சரணம், இரண்டாம் சரணம். குளிரில் பற்கள் தாளத்தைவிட வேகமாகப் போயின. கடைசி அடியில் மிளகு மூக்கில் ஏறி ஒரு தும்மல் வந்தது. டீச்சர் எழுந்து நடந்து வந்தார். கோவில் நீளம் முழுவதும் அவருடைய செருப்புச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

"கேட்டுச்சுங்களா டீச்சர்?"

"கேட்டுச்சுங்க சார்."

எனக்கு ஒரு நிமிஷம் காதில் வெந்நீர் விட்டது போல் இதமாக இருந்தது.

"கடைசியில ஒரு தும்மல். சுத்தமாக் கேட்டுச்சுங்க. அதுக்கு முன்னாடிதான் ஒண்ணும் கேக்கலை."

வீட்டுக்கு வரும் வழியில் உன் அக்கா தன் சால்வையைக் கழற்றி என் மேல் போட்டாள். "விடுங்க. பெட்ரோமாக்ஸ் பக்கத்துல நின்னா குளுராதுங்க" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அன்று முதல் மறுபடியும் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். கிறிஸ்மஸ் இரவு நம் எஸ்டேட்டில் ஜீப் நிற்கும். ஆட்கள் வெளியே வருவார்கள். யார் யார் பாடுகிறார்கள் என்று பார்ப்பார்கள். ரைட்டரய்யா வரவில்லையா என்று யாராவது கேட்கக்கூடும். கேட்காமலும் இருக்கக்கூடும். இரண்டில் எது மோசம் என்று நடந்துகொண்டே யோசிக்கிறேன்; தரை தேய்கிறது; முடிவு வரவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, உன்னிடம் என் வேண்டுகோள். சிங்கப்பூரில் பாட்டரியில் வேலை செய்கிற சிறிய ஆம்ப்ளிஃபயர் கிடைப்பதாகக் கேள்வி. வாத்தியத்தின் வயிற்றில் ஒட்டுகிற பொத்தான் போன்ற மைக்கும் உண்டாம். உன் கப்பல் அந்தப் பக்கம் போனால், யாரிடமாவது கொடுத்து, கிறிஸ்மஸுக்கு முன் எப்படியாவது எனக்குச் சேர்த்துவிடு. டீச்சரிடம் மறுதேர்வு கேட்க நான் தயங்கமாட்டேன். உன் வாத்தியத்தில் குற்றமில்லை, என் கையிலும் குற்றமில்லை. இடையில் எதுவோ தடுக்கிறது. அதை வெல்ல விஞ்ஞானத்தைத் தவிர வேறு துணை எனக்கில்லை.

கப்பலில் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. சமையல்காரரிடம் பணிவாக இரு. கடலிலும் துறைமுகத்திலும் காவல் தூதர் உன் பக்கத்தை விட்டு அகலாதிருப்பாராக. அவருக்கும் ஓய்வு வேண்டும் என்பதை மனத்தில் வைத்து இரவில் நேரத்தோடு படு. உன் அக்கா தன் ஆசியையும், நீ இளைத்திருப்பாய் என்ற தன் சந்தேகத்தையும் தெரிவிக்கச் சொல்கிறாள்.

உன் அன்பு மச்சான்,
ஏ. தேவசிகாமணி,
தலைமை ரைட்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உன் அக்கா இடுக்கியோடு வந்தாள். "ஏனுங்க, அந்த யுகுலேலேயக் கொஞ்சம் குடுங்க. மழை விட்டாச்சு, மிளகு பழசாயிருக்கும், மாத்தோணும்" என்றாள். நான் பார்த்துக்கொண்டே இருக்க, நரம்புகளை ஒதுக்கி, துளைக்குள் இடுக்கியை விட்டு, பிரசவம் பார்ப்பவள் போல் மெதுவாக இழுத்தாள். என் இடது கால் சாக்ஸ் வெளியே வந்தது. முழங்கால் நீளம், மிளகும் கரியும் நிறைய. இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்றேன். "எல்லாத்துலயும்தானுங்க வெச்சிருக்கேன். நீங்க சத்தம் வேணும்னுதான் சொன்னீங்க. ஈரம் வேணும்னு சொல்லலையே" என்றாள். வாத்தியத்தை வாங்கி மீட்டினேன்.

மாப்பிள்ளை, சத்தம் உள்ளேயேதான் இருந்திருக்கிறது. மழைக்காலம் முழுவதும் சேர்ந்த சத்தம் மொத்தமாக வெளியே வந்தது. எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. நான் தேர்வுக்கு வாசித்த அதே பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். முடித்துவிட்டுத் திரும்பினால் வாசலில் ஆரோக்கியசெல்வி டீச்சர், கையில் பெட்ரோமாக்ஸோடு. என்னிடம் ஒப்படைக்க வந்தவர் ரோட்டிலேயே நின்று முழுப் பாட்டையும் கேட்டிருக்கிறார்.

"இப்பக் கேட்டுச்சுங்களா டீச்சர்?" என்றேன், எழுந்து நின்று.

"ரோட்டுலயே கேட்டுச்சுங்க சார்." பெட்ரோமாக்ஸை மறு கைக்கு மாற்றினார். "சார், அந்த ரெண்டாவது நரம்பு எப்பவுமே அப்படித்தானுங்களா?"

"எப்பவுமே அப்படித்தானுங்க."

"பாட்டும் அப்படித்தானுங்களா?"

"கேட்டாப் பாக்கலாம்னு சொன்னீங்களே டீச்சர்."

"கேட்டேனுங்க சார். பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பெட்ரோமாக்ஸை மேஜை மேல் வைத்து, விளக்குக் கண்ணாடியைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது.

நான் மறுபடி ஒருமுறை மீட்டிப் பார்த்தேன். சத்தம் இருந்தது, சுருதிதான் இல்லை. டீச்சர் கணக்கில் தவறு செய்கிறவர் அல்ல. உன் அக்கா அரிசி களைந்துகொண்டே அடுப்படியிலிருந்து சொன்னாள்: "சாக்ஸோட இருந்தப்பதானுங்க நொம்ப நல்லா இருந்துச்சு. அடுப்படிக்கு அளவாக் கேட்டுச்சு. சாயங்காலம் அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் உலை வெப்பேன்." ஒரு மழைக்காலம் முழுவதும் எனக்கு ஒரு சபை இருந்திருக்கிறது, நான் ஜன்னலைப் பார்த்து வாசித்திருக்கிறேன். புது மிளகு போட்டு சாக்ஸை நானே திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அடுப்படி வாசல் பக்கம் நாற்காலியையும் போட்டாகிவிட்டது.

ஆகவே ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். அதற்குப் பதிலாக, சிங்கப்பூரில் பெட்ரோமாக்ஸுக்குள் எரிகிற நல்ல மேண்டில் வலை கிடைத்தால் அனுப்பு. போன வருஷம் கரடியூரில் கடைசி வரிசைக்கு வெளிச்சம் போதவில்லை என்று புகார் இருக்கிறதாம்.